எர்த் உள்ள அறை

என் வீட்டில் கரண்ட் விஷயத்தில் இனி என் சொல்தான் சட்டம் என்று முடிவு செய்தேன். மற்ற விஷயங்களில் யார் சொல் சட்டம் என்று நீங்கள் கேட்கக்கூடாது.

காரணம் இருந்தது. ஆரியசாலை வீட்டின் பின்னறையை ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆக்கியிருந்தேன். சுவரெல்லாம் தேங்காய்நார் மெத்தை. கதவுக்கு இரட்டைப் பலகை. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. ஆனால் நான் ரெக்கார்டிங் பட்டனை அமுக்கும் நேரம் பார்த்து என் மனைவி ரோஸ் அடுக்களையில் கிரைண்டரைப் போடுவாள். முதலில் பியூஸ் போகும். பிறகு என் மானம்.

ஆகவே மீட்டரிலிருந்து தடித்த வயர் இழுத்து, ஸ்டுடியோவுக்கு மட்டும் தனி லைன் போட்டேன். முற்றத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் கொடுத்தேன். மீன் ஊறப்போட வைத்திருந்த உப்பு என்று ரோஸ் முணுமுணுத்தாள். நான் காதில் வாங்கவில்லை.

முதல் வாடிக்கையாளர், சாலை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஞானசிகாமணி அண்ணாச்சி. ஓணம் தள்ளுபடிக்கு ஜீப்பில் போட ஒரு அறிவிப்புக் கேசட். அவர் வருவதற்கு முந்தின நாள் ரோஸுக்கு மின்சாரப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன்.

“இஞ்ச பாரு. அடுக்களை வயரு நூலு மாதிரி. எர்த்தும் கிடையாது. அதுல கிரைண்டர் போட்டா ஒருநாள் ஆளையே தூக்கிரும்.”

“ஐயோ கர்த்தாவே! இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே. அப்போ எந்த பிளக்கு சேஃப்?”

“இந்த வீட்டுல என் ரூம்ல உள்ளது மட்டும்தான். எதப் போட்டாலும் தாங்கும்.”

“உங்க மெஷினுக்கு அம்புட்டு கரண்ட் வேணுமா?”

“சே! அது ரெண்டு பல்பு எரியுற அளவுதான். லைனு தடிமனா போட்டது பிறவு ஏசி வைக்கதுக்காக்கும்.”

“ஏசி எப்போ வருது?”

“வரும்.”

“சரி. இனி அடுக்களையில கிரைண்டர் போடல்ல. சத்தியம்.”

கல்யாணமான நாள் முதல் அவள் இவ்வளவு சுலபமாக அடங்கியதில்லை. பெருமை தாங்காமல் மறுநாள் காலையில் நானே சந்தைக்குப் போய் மீன் வாங்கிவந்தேன். திரும்பி வந்தால், ஸ்டுடியோவின் நடுவில் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. என் மைக்கும் டேப்பும் அடுக்களையில், புட்டு அவிக்கிற புட்டுக்குட்டிக்குப் பக்கத்தில்.

“என்ன செஞ்சு வச்சிருக்க?”

“நீங்கதானே சொன்னிய? கிரைண்டருக்கு எர்த் வேணும். உங்களுக்கு ரெண்டு பல்பு கரண்டு போதும். ஏசி வரட்டு, மாத்திக்கிடலாம்.”

“மைக்குல ஷாக் அடிக்குமே!”

“செருப்பு போட்டுட்டுப் பேசுங்க.”

இனி அண்ணாச்சிதான் கதி என்று வாசலில் நின்றேன். பெரிய வியாபாரி. தன் கடை விளம்பரத்தை அடுக்களையில் பதிவுசெய்யச் சம்மதிப்பாரா? நாலு வார்த்தை கேட்டால் அறை திரும்பக் கிடைத்துவிடும். ஆட்டோ வந்தது. அண்ணாச்சி இறங்கினார். பின்னாலேயே ஊறவைத்த அரிசியோடு ஒரு வாளியும் இறங்கியது.

“அண்ணாச்சி, இந்த அநியாயத்த நீங்களே கேளுங்க...”

“பிறவு கேக்கேன், அருமைநாயகம். ஓணத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. எங்க வீட்டுல கிரைண்டர் போட்டா மேல்மாடிக்காரன் சண்டைக்கு வாறான். இங்க சத்தமே வெளிய வராதாமே? போன ஞாயித்துக்கிழமையே சர்ச்சுல வச்சு ரோஸு என் வீட்டுக்காரிய மாவாட்ட வரச் சொல்லிருக்கு.”

நான் வகுப்பு எடுத்தது வியாழக்கிழமை.