பதினேழு சிவப்பு அம்புகள்

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும் ஒரு நகைச்சுவைத் தொடரைப் பார்த்து எனக்கு மட்டும் வியர்த்தது. இணையத்தில் வருவது. ஃபேஷன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வாரம் ஒரு தப்பு செய்வாள். சித்தப்பா மகன் கார்த்தி மொபைலை என் மூக்கருகே நீட்டி, "அக்கா, யே தோ நீயேதான்!" என்றான். (தில்லியில் பிறந்தவன். அவன் தமிழ் அப்படித்தான் இருக்கும்.) அந்தப் பெண்ணைவிட நான் திறமைசாலி என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அவள் எட்டு வாரத்தில் செய்த சேதத்தை நான் ஒரே சனிக்கிழமையில், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்தவள்.

கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தேன். பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் ஆறு மாதப் பயிற்சி. அங்கே நான் கற்றவை மூன்று. ஒன்று, தொங்கும் நூல் நம் எதிரி. அந்தப் பிசிரை உடனே வெட்ட வேண்டும். இரண்டு, தைத்தவர் என்ன சமாதானம் சொன்னாலும் நம்பக் கூடாது. மூன்று, சரிசெய்ய முடியாத குறை மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பின் முனை குறையைச் சுட்ட வேண்டும். இந்த ஞானத்தோடு, பனியனிலேயே ஆயுள் கழிந்துவிடக் கூடாது என்று தில்லிக்கு ரயில் ஏறினேன்.

மெட்ரோ எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். கிட்வாய் நகரில் சித்தப்பாவின் குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு, ஷாப்பூர் ஜாட்டில் ரித்திகா மேடம் என்ற டிசைனரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் தற்காலிகம். அப்பா போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"மூணு மாசம் பாக்கறேன் அம்மணி. வேலை நெலையாகலைன்னா பொட்டாட்டம் ரயிலேறி வந்தரோணும். இங்க மில்லுல சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறேன்."

அந்த மில்லை எனக்குத் தெரியும். அங்கே சூப்பர்வைசரின் மேசை கழிப்பறைக் கதவைப் பார்த்தபடி இருக்கும்.

மூன்றாவது மாதக் கடைசியில் மேடத்தின் பெரிய ஷோ வந்தது. "ஷோ முடியட்டும், திங்கட்கிழமை உன் விஷயம் பேசலாம்" என்றார். உடைகள் தயாராகும் அறைக்குள் யாரையும் விடமாட்டார். மற்ற டிசைனர்கள் நகலெடுத்துவிடுவார்கள் என்று பயம். உள்ளே போகக்கூடியவர் மாஸ்டர்ஜி ஒருவர்தான். வெட்டுவதும் தைப்பதும் அவர் பொறுப்பு. சனிக்கிழமை காலை இருவரும் மேடையைப் பார்க்க ஹோட்டலுக்குக் கிளம்பினார்கள். என் கையில் சாவி.

"இருபத்திநாலு டிரெஸ். எண்ணிப் பையில் போடு. வேனில் ஏற்று. மூன்று மணிக்கு வந்து சேர். அவ்வளவுதான்" என்றார் மேடம்.

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அறையைத் திறந்தேன். கையில் எப்போதும் இருக்கும் அட்டையில் பட்டியல் போட்டேன்:

கீழ் ஓரம் மடிக்காமல், சாண் நீளத்துக்கு நூல் தொங்குவது: பதினொன்று.
இடது கை வலது கையைவிட நான்கு அங்குலம் நீளம்: ஐந்து.
முழங்கையில் ஓட்டை: நான்கு.
உட்தையல் வெளியே தெரிவது: நான்கு. (கடவுளே!)

பாவம் மாஸ்டர்ஜி, வயதாகிவிட்டது, அவசரத்தில் கோட்டை விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். மேடத்துக்கு ஒரு போன் செய்யலாமா என்றும் தோன்றியது. ஆனால் தற்காலிக ஊழியர் கேள்வி கேட்டால் தற்காலிகமாகவே இருந்துவிடுவார். சொல்லாமலே செய்தால் நிரந்தரமாவார். இதுவும் என் கண்டுபிடிப்புதான்.

ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம். பிசிர் வெட்டினேன், ஓரம் அடித்தேன், கைகளைச் சமமாக்கினேன், ஓட்டைகளை அடைத்தேன். வெட்டிய நூல் மட்டும் ஒரு கேரிபேக் நிறைய. உட்தையல் வெளியே வந்த நான்கையும் அந்த நேரத்தில் பிரித்துத் தைக்க முடியாது. ஆகவே விதிப்படி அம்புகள் ஒட்டினேன். மொத்தம் பதினேழு.

ஹோட்டலில் மேடம் முதல் பையைத் திறந்தபோது, நான் அட்டையோடு விறைப்பாக நின்றேன்.

"மேடம், இருபது ஓகே. நாலு ரிஜெக்ட்."

மேடம் அந்தப் பையை மூடினார். இரண்டாவது பையைத் திறந்தார். மூன்றாவது. பிறகு மெதுவாக, "மாஸ்டர்ஜி, நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்" என்றார். மாஸ்டர்ஜி வந்து பார்த்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அரே பேட்டி, மகளே," என்றார். "ஒவ்வொரு நூலாக ஊசியால் உருவினேன். பதினைந்து நாள்."

"ஏன்?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

மேடம் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைக் காட்டினார். ஷோவின் பெயர் 'அதூரா'. முடிக்கப்படாதது என்று அர்த்தம். அந்தப் பெயர் அச்சிட்ட முந்நூறு அழைப்பிதழ்களை உறையில் போட்டு முகவரி ஒட்டியவள் நான். முகவரிகளில் ஒரு பிழை இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

ஷோவுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மேடமும் மாஸ்டர்ஜியும் தரையில் உட்கார்ந்து என் தையலைப் பிரித்தார்கள். நானும் ஒரு கத்தரியை எடுத்தேன். நல்ல துணியை வேண்டுமென்றே கிழிக்க என் கை வரவில்லை. வெட்டிய இடத்தையும் நேராகவே வெட்டியிருந்தேன்.

"கத்தரியைக் கீழே வை" என்றார் மாஸ்டர்ஜி. "ஸ்டிக்கரை மட்டும் எடு. ஜல்தி."

எடுத்தேன். எண்ணினேன். பதினாறு. திரும்ப எண்ணினேன். பதினாறுதான். அதற்குள் விளக்கு அணைந்து இசை தொடங்கிவிட்டது. திரையிடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒரு மாடல் மேடை நுனிவரை போய், ஒயிலாகத் திரும்பினாள். இடுப்புக்குச் சற்று மேலே, விளக்கொளியில் பளபளவென்று பதினேழாவது.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வண்ணப் படம் வந்தது. அதே மாடல், அதே முதுகு. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இந்தப் புள்ளை முதுகுல என்ன, லெஃப்ட்ல திரும்பறதுக்கு இண்டிகேட்டரா?"

நான் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி, "சாப்பிட்டுட்டு அடுக்கு" என்றாள்.

திங்கட்கிழமை மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒட்டாத உறையில் ஒரு கடிதம் கொடுத்தார், ஓக்லாவில் சட்டை ஏற்றுமதி செய்யும் தன் சிநேகிதிக்கு. பஸ்ஸில் படித்தேன். 'இந்தப் பெண்ணின் கண்ணுக்கு எந்தக் குறையும் தப்பாது. நான் ஆசைப்பட்டுச் செய்த குறைகளே தப்பவில்லை. இவள் இருக்க வேண்டிய இடம் உன் தொழிற்சாலை. தயவுசெய்து அங்கேயே வைத்துக்கொள்.'

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். சித்தப்பா அப்பாவுக்குப் போன் போட்டு, "வேலை நெலையாயிருச்சுங்ண்ணா" என்றார். எந்தக் கம்பெனியில் என்று அப்பா கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இன்று அங்கே தரப் பரிசோதனைக்கு நான்தான் தலைமை. மில்லின் மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

சித்தப்பா வீட்டில்தான் என்னை இன்னும் நம்புவதில்லை. கார்த்தியிடம் இரண்டு முழங்காலும் கிழிந்த ஜீன்ஸ் ஒன்று இருக்கிறது. கிழிந்ததற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. நான் வருகிறேன் என்று தெரிந்தால், "டேய், அக்கா வர்றா" என்று சித்தப்பா குரல் கொடுப்பார். அவன் அதைச் சுருட்டி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வருவான்.

(போன தீபாவளிக்கு மறந்துவிட்டான். கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இருபது நிமிட வேலைதான்; ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை.)