மைக் வரிசையில் நின்ற அப்பா

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் தெரிவிக்கவும்.

நிற்க. உன் பையன் தன் சீட்டைக் கொடுத்து அனுப்பினானே, அந்தப் புரோகிராமர்கள் மாநாட்டுக்கு நேற்றுப் போனேன். வாசலிலேயே கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் உன் பையன் பெயர், கீழே ‘ஐந்து வருட அனுபவம்’. ஒரு பெண் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, “ரொம்பக் கஷ்டமான அஞ்சு வருஷமா சார்?” என்றாள். முதலில் பேசியவர் சொன்னதில் எனக்கு ‘வணக்கம்’, ‘நன்றி’ இரண்டும் புரிந்தன, நடுவில் தூங்கிவிட்டேன், கைதட்டலில் விழித்துப் பார்த்தால் மேடையில் என் மகள். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறேன் அக்கா. அவள் அம்மா கண்ணை மூடிய அன்று வேலையை முடித்துவிட்டுத் தாமதமாக வந்தவளை, “அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு, இங்க அழாத” என்று நாலு பேர் முன்னால் விரட்டினேனே, அதற்கப்புறம் இப்போதுதான். இளைத்துப் போயிருந்தாள். “ஒரு தப்பு நடந்தா யார் பண்ணாங்கன்னு தேடாதீங்க, எங்க நடந்துச்சுன்னு தேடுங்க. எங்க டீம்ல அதான் வழக்கம்” என்றாள். மண்டபமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

பேச்சு முடிந்ததும் நடுவில் ஒரு வரிசை. நாற்பது வருடம் டிக்கெட் கவுண்டரில் வரிசையைக் கட்டி மேய்த்தவன் நான், வரிசையைக் கண்டால் கால் தானாகப் போய்விடும். சாப்பாட்டுக்குத்தான் என்று நினைத்து, குறுக்கே புகுந்த ஒருவனைப் பின்னால் அனுப்பிவிட்டு, ஒழுங்காக நகர்ந்து போனால் அங்கே தட்டு இல்லை, மைக் இருக்கிறது. கேள்வி கேட்கிறவர்களின் வரிசையாம்! மேலே அவள், பின்னால் எண்ணூறு பேர். எதைக் கேட்பேன்? “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டுத் தொலைத்தேன். எண்ணூறு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு, “இன்னும் இல்ல” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அதற்குள் அடுத்தவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

சாயங்காலம் வரவேற்பு. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் டம்ளர், எந்தக் கையால் சாப்பிடுவது என்று யாரும் சொல்லவில்லை. அவளைச் சுற்றிப் பத்துப் பேர் வட்டமாக நின்றார்கள். வட்டத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தது. யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் போலும் என்று நான் தூணோரம் ஒதுங்கினேன். தண்ணீர் பாட்டில் அடுக்குகிறவர்தான், “புதுசா வர்றவங்க சேந்துக்கறதுக்குங்க. இங்க எப்பவும் அப்படித்தான் நிப்பாங்க” என்றார். என்ன பிரயோஜனம்? அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், அப்பா எதற்கு? பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி அந்தப் பேச்சை என்னிடம் எடுக்காதே.

மாமாவுக்கு என் வணக்கம். உன் பையனுக்கு என் ஆசீர்வாதம். அவன் பெயரில் போய் மானத்தை வாங்கியதற்கு மன்னிக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: அவள் திரும்பவே இல்லை என்று எழுதியது பொய் அக்கா. பார்த்தாள். பேசிக்கொண்டிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு என்னை நோக்கி வந்தாள். “அப்பா” என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பத்தடி தூரம்கூட இருக்காது. நான்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, காதில் விழாத மாதிரி வெளியே நடந்துவிட்டேன். எந்த முகத்தோடு நிற்பேன்? இதை நீ அவளிடம் சொல்லிவிடாதே. நான்தான் சொல்ல வேண்டும். போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்.