மேடையில் மழை, மழையில் குதிரை

ஏஜென்ட் போனை எடுத்தால்தானே! நாடகாசிரியர் அவரிடம் கொடுத்த நாடகம், அவருடைய மேஜை இழுப்பறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குறட்டை நாடகாசிரியர் வீடு வரைக்கும் கேட்டது.

"இந்த வருஷமும் மேடை ஏறலைன்னா, பேசாம எங்க அண்ணன் கடையில போய் உக்காருங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். அண்ணனுக்குக் குழாய்க் கடை.

இதைக் கேட்டு நாடகாசிரியரைவிட அதிகமாக நடுங்கியவர் அந்த அண்ணன்தான்.

"ஐயோ மாப்பிள்ளை! ஒரு குழாய் கேட்டு வர்றவனை நிக்க வெச்சு முழு நாடகத்தையும் படிச்சுக் காட்டிருவீங்களே! கடை தாங்காது. நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"நாடகக் கம்பெனி முதலாளி மாதிரி ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போடுங்க மச்சான். ஆள் கேக்குறாங்கன்னு தெரிஞ்சா மனுஷன் துள்ளி எழுந்துருவார்."

அண்ணன் சிங்கக் குரலில் பேசினார். போனை வைத்த சூடு ஆறவில்லை, ஏஜென்ட் நாடகாசிரியரைக் கூப்பிட்டார்.

"அடிச்சுதுய்யா யோகம்! ரெண்டு கம்பெனி உம்ம நாடகத்துக்கு அடிச்சுக்குது! ரெண்டாவது ஆளு, சுத்துற மேடையே போட்டுத் தர்றாராம்!"

மேடை சுற்றுகிறதோ இல்லையோ, நாடகாசிரியருக்குத் தலை சுற்றியது. நிஜமாகவே ஒரு கம்பெனி!

"விடாதீங்க மச்சான், இன்னும் ஏத்தி விடுங்க!"

அண்ணன் தனக்குத் தெரிந்த தொழிலைக் காட்டினார். மேடையில் மழை பெய்யவைப்பதாகச் சொன்னார். அந்த மழையில் நனைய எதிர்க்கம்பெனி நிஜக் குதிரை தருவதாகச் சொன்னது. அண்ணன் அருவி விட்டார். எதிர்க்கம்பெனி யானையை அவிழ்த்துவிட்டது.

நாடகமோ, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் கதை. நாடகாசிரியர் ராவும் பகலும் திருத்தி, சோபாவுக்குப் பின்னால் யானைக்கு இடம் ஒதுக்கினார்.

கடைசியில் ஏஜென்ட், "எல்லாரும் நேர்ல வாங்க, முடிச்சுருவோம்" என்றார்.

"மச்சான், அங்க போனதும் நீங்க விலகிடுங்க. நாடகம் தானா எதிர்க்கம்பெனி மடியில விழும்."

ஏஜென்ட்டின் அறையில் எதிர்க்கம்பெனி முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு வீற்றிருந்தார். இரவல் கோட்டுக்குள் நெளிந்தபடி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அருவியில கொஞ்சம் சிக்கல். நான் விலகிக்கறேன். நாடகத்தை இவரே எடுத்துக்கட்டும்."

நாடகாசிரியர் கண்ணை மூடினார். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி மனசுக்குள் கைதட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தால், ஏஜென்ட்டின் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"ஐயையோ, எனக்கு வேண்டாம்! நீங்களே எடுத்துக்கோங்க சார். வேணும்னா யானையையும் கூட்டிட்டுப் போங்க!"

அந்த நேரம் பார்த்து ரிசப்ஷன் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"பல் டாக்டர் சார், நீங்க வாயைத் திறக்கச் சொல்லிட்டு வந்த ஆளு இன்னும் மூடலையாம், ஏஜென்ட் சகலைக்காக முதலாளி வேஷம் கட்டினது போதும், ஓடி வாங்கன்னு உங்க நர்ஸ் போன்ல கத்துறாங்க!"