அவர் ஏன் விற்றார்?

யாங் கி-தே காரின் பின் இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“ஏதாவது விழுந்துடுச்சா சார்?” என்று கேட்டார் ஹான். தேஜான் நகரத்துப் பழைய கார் சந்தையில் இந்தக் காரை விற்பனைக்கு நிறுத்தியிருப்பவர்.

“சேத்து வாசனை வருதான்னு பார்க்கிறேன்.”

“வருதா?”

“இல்ல.” கி-தேயின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

அவன் வெளியே வந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தான். வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கழுவித் துடைத்து விற்றாலும், பெல்ட்டின் அடிமுனையில் ஒட்டியிருக்கும் சேறு காட்டிக் கொடுத்துவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெல்ட் புதுத் துணி மாதிரி பளிச்சென்று இருந்தது. எஞ்சின் ஓடுகிறதா என்பதையே காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கருப்பு நிறம். வெந்நீர்ப் பை போலச் சூடேறும் தோல் இருக்கைகள். முதலில் வாங்கியவர் அதிகம் ஓட்டக்கூட இல்லை.

அதுதான் கி-தேக்கு உறுத்தியது.

“இவ்வளவு நல்ல காரை ஒரு மனுஷன் ஒரே வருஷத்துல ஏன் விக்கணும்?”

“பேரு, ஊரு எதுவும் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு சார்.”

“பேரு வேணாம். காரணம் மட்டும் சொல்லுங்க.”

“சொந்தக் காரணம்னு சொன்னாரு.”

“எல்லாக் காரணமும் யாருக்காவது சொந்தம்தானே?”

ஹான் சிரித்தார். கி-தேக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவன் வீட்டுக்குப் போக முடியாது.

இதற்கு முன் வாங்கிய பழைய கார், அறுவடைத் திருநாளுக்குச் சொந்த ஊர் போகும் வழியில், நெடுஞ்சாலை நடுவில் புகையைக் கக்கி நின்றுவிட்டது. பின் இருக்கையில் மாமனாரும் மாமியாரும் இருந்தார்கள். கோட்டும் டையும் அணிந்த மாமனார், மடியில் வைத்திருந்த பேரிக்காய்ப் பெட்டியை விடாமல் சுமந்தபடி சாலையோரம் நடந்தார். அந்தக் காரை வாங்கும்போது, “கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்” என்று சொன்னவன் கி-தே. அன்றிலிருந்து அவன் எதைப் பற்றி என்ன சொன்னாலும், குடையைப் பற்றிச் சொன்னாலும்கூட, மனைவி யூன்-சில் இன்னொருவரிடம் கேட்டுக்கொள்வாள்.

இந்த முறை அவள் ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தாள். “அவர் ஏன் வித்தார்னு கண்டுபிடிங்க. அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது. முடியலைன்னா, நான் சொன்ன சின்ன எலக்ட்ரிக் காரை வாங்கிடலாம்.”

“அது சோப்பு டப்பா மாதிரி இருக்கு.”

“சோப்பு டப்பா நடுரோட்டுல புகை விடாது.”

இன்னொரு சிக்கலையும் அவளே ஞாபகப்படுத்தினாள். “அதுவும் போக, இது உங்க மோக் மேனேஜர் காரைவிடப் பெரிசு. எப்படி ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போவீங்க?”

மேலதிகாரியைவிடப் பெரிய கார் வைத்திருக்கக் கூடாது என்று கி-தேயின் கம்பெனியில் எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் யாரும் வைத்திருக்கவில்லை. டைரக்டர் சிக்கனக்காரர், பழைய நடுத்தரக் கார் ஓட்டினார். அதனால் மோக் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு வெள்ளிநிறக் கார் ஓட்டினார். அந்தக் கணக்கில் பார்த்தால், கி-தேயின் பதவிக்கு மிச்சமிருந்தது சைக்கிள்தான்.

“ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து போவேன்.”

“நடக்கிறதுக்கா இவ்வளவு பெரிய கார்?”

“தொப்பையும் குறையும்.”

கடைசியில் ஹான்தான் இறங்கி வந்தார். “சார், நீங்க இத்தனை நாளா மோந்து பார்த்ததுல எனக்கே சந்தேகம் வந்துடும்போல இருக்கு. சனி, ஞாயிறு வெச்சு ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடுங்க.”

சனிக்கிழமை காலை கி-தே காரை அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே கொண்டுவந்து நிறுத்தினான். யூன்-சில் பல் மருத்துவமனையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கை மெல்லச் சூடேறியது. அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. முதுகு வலிக்கல. அதான் என்னவோ மாதிரி இருக்கு.”

பிறகு சட்டென்று இறங்கிக்கொண்டாள். “காரணத்தைக் கண்டுபிடிங்க,” என்றாள். ஆனால் கதவை மூடும்போது, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவை மூடுவது போல மூடினாள்.

கி-தேக்கு நம்பிக்கை வந்தது. அதைக் கெடுக்க மாமியார் வந்தார்.

கார் வந்திருக்கிறது என்று மகள் போனில் சொன்ன ஒரே வாக்கியத்தைக் கேட்டுவிட்டுச் சந்தைக்குப் போய், புதுக் காருக்குப் படைக்க ஒரு முழு உலர்ந்த மீன், அதைச் சுற்றிக் கட்ட வெள்ளை நூல், ஒரு தட்டு அரிசிப் புட்டு, ஒரு பாட்டில் அரிசிக் கள் எல்லாம் வாங்கிக்கொண்டு நேராகக் காரிடம் வந்துவிட்டார்.

“அத்தை, இது இன்னும் நம்ம கார் இல்ல. பூசை எல்லாம் வாங்கின அப்புறம்தான்.”

“போன காருக்கு நீ பூசை போடலை மாப்பிள்ளை. நான் நடந்தேன்.”

கி-தே விலகி வழிவிட்டான்.

மாமியார் மீனை எஞ்சின் மூடியின் மேல் படுக்க வைத்து இரண்டு முறை விழுந்து வணங்கினார். கள்ளின் அடியில் தங்கியிருக்கும் மண்டி கலக்க வேண்டுமே என்று பாட்டிலை நன்றாகக் குலுக்கினார். வழக்கப்படி நான்கு சக்கரத்துக்கும் கள் ஊற்றுவதற்கு முன்னால் ஸ்டியரிங்குக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். குனிந்த நிலையிலேயே மூடியைத் திருகினார்.

குலுக்கிய அரிசிக் கள் பாட்டிலுக்குள் இருக்கச் சம்மதிக்கவில்லை. சீறிக்கொண்டு கிளம்பிக் கூரையைத் தொட்டு, இருக்கைகளில் வழிந்து, தரை விரிப்பில் போய் நின்றது.

“சாமி உள்ளேயே வந்து ஏத்துக்கிட்டாரு,” என்றார் மாமியார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

கி-தே ஈரத் துணியால் துடைத்தான். கள் விரிப்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது. யூன்-சில்லின் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து சூடான காற்றை அடித்தான். கார் முழுக்கக் கள்ளுக்கடை வாசனை எழும்பியது. போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தினால் ஊதிக்காட்டச் சொல்லவே மாட்டார்கள், கண்ணாடியை இறக்கினாலே போதும்.

“காபித் தூள் வாசனையை இழுத்துக்கும்,” என்றார் மாமியார். கீழே இருந்த காபிக் கடையில் வடிகட்டி மிஞ்சிய தூளை ஒரு பை நிறைய வாங்கி வந்து காரெங்கும் தூவினார்கள். ஈரமான தூள் ஈரமான விரிப்போடு கலந்து, காய்ந்து, பழுப்பாகக் கட்டி தட்டியது. கி-தே ஏதோ நினைப்பில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தான்.

அடிமுனையில் சேறு இருந்தது.

“இத்தனை நாளா தேடினீங்களே,” என்றாள் யூன்-சில். “கிடைச்சிடுச்சு.”

இந்தக் கோலத்தில் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஞாயிறு காலை, ஆபீசுக்குப் பக்கத்திலிருக்கும், நாமே கழுவிக்கொள்ளும் கார் கழுவுமிடத்துக்கு ஓட்டிப் போனான். விடுமுறை நாளில் அந்தப் பக்கம் ஆபீஸ்காரர்கள் யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தான். நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, குழாயைக் கையில் எடுத்தபோது, பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளிநிறக் கார் வந்து நின்றது.

“யாங்தானே?” என்றார் மோக் மேனேஜர்.

கி-தே இடுப்பு வரை வளைந்து வணங்கினான். கையில் இருந்த குழாயும் சேர்ந்து வணங்கி, மேனேஜரின் காலணியை நனைத்தது.

மோக் காலணியைக் கவனிக்கவில்லை. கருப்புக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். “யாரு காரு?”

“என்னோடது இல்ல சார். என் நண்பன் ஒருத்தன் வாங்கலாமான்னு பார்க்கிறான். நான் சும்மா ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்னு...”

“உன் நண்பன்.”

“ஆமா சார். பணக்கார நண்பன்.”

மோக் உள்ளே தலையை நீட்டினார். மூக்கு சுருங்கியது. விரிப்பைத் தொட்டு, விரலில் ஒட்டிய பழுப்பு மண்டியைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

“என்னப்பா பண்ணியிருக்காங்க இதை?”

“காபித் தூள் சார்.”

“காபித் தூள்னுதான் விக்கிறவன் சொல்லுவான்.” அவர் ஒரு கணம் நிறுத்தி, எதையோ யோசித்துவிட்டு, குரலைத் தணித்தார். “யாங், இது வெள்ளத்துல மூழ்கின கார்.”

காபிக் கடையிலிருந்து கொண்டுவந்து தூவியதே தான்தான் என்று கி-தே சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமியார், பூசை, கடைசியில் வாங்கப்போவது யார் என்பது வரை எல்லாம் வெளியே வந்துவிடும்.

“அப்படியா சார்?” என்றான்.

மோக் முன்பக்கம் போனார். எஞ்சின் மூடியின் கொக்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க கி-தேக்கு ஒரு மதியம் பிடித்திருந்தது. மோக்கின் கை பார்க்காமலேயே போய் அதைத் திறந்தது. அனுபவம் என்றால் இதுதான் என்று கி-தே நினைத்துக்கொண்டான். எஞ்சினை ஓடவிட்டு மோக் கண்ணை மூடி நின்றார். பாட்டுக் கச்சேரியில் நிற்பவர் போல நின்றார்.

“கேக்குதா?”

“என்ன சார்?”

“அந்தச் சத்தம். அடியில டொக்கு டொக்குன்னு.”

கி-தேக்குத் தன் இதயத்துடிப்பு மட்டும்தான் கேட்டது. ஆனால் மேனேஜருக்குக் கேட்கும் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்று சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை.

“கேக்குது சார். நல்லாவே கேக்குது.”

“கியர் போகப்போகுதுன்னு அர்த்தம். உன் நண்பன்கிட்ட சொல்லு, இன்னிக்கே திருப்பிக் குடுத்துடணும். நாளைக்கு வரைக்கும் வெச்சுக்க வேண்டாம். நடுரோட்டுல குடும்பத்தோட நின்னா நல்லாவா இருக்கும்?”

நடுரோடு என்ற சொல்லைக் கேட்டதும் கி-தேயின் கண்ணில் பேரிக்காய்ப் பெட்டி தெரிந்தது. “நல்லா இருக்காது சார்.”

“ஆனா திருப்பிக் குடுக்கிறப்ப சுத்தமா குடுக்கணும். அதுதான் மரியாதை.” அப்புறம் மோக் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு துணியை எடுத்தார். தன் காரை அப்படியே விட்டுவிட்டு, கி-தேயோடு சேர்ந்து அந்தக் காரைக் கழுவினார். விரிப்பை இழுத்துப்போட்டுச் சோப்பு நுரையில் தேய்த்தார். முன்விளக்குகளை, அழுத குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். இப்படி ஒரு மேனேஜர் யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டே கி-தே தண்ணீர் ஊற்றினான்.

வீட்டுக்கு வந்தபோது யூன்-சில் கீழே வாசலிலேயே நின்றிருந்தாள். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஏங்க, ராத்திரி பூரா யோசிச்சேன். அவர் ஏன் வித்தா நமக்கென்ன? வாங்கிடலாம். அந்த சீட்ல உக்கார்ந்ததும் எனக்கு ஊருக்கே போகணும்போல ஆயிடுச்சு. அப்பாவையும் கூட்டிட்டுப் போலாம்.”

மூன்று மாதமாக அவன் காத்திருந்த வார்த்தை. கி-தே மேலே வீட்டுக்குப் போய்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கேட்டதையெல்லாம் சொன்னான். வெள்ளம், கியர், டொக்கு டொக்கு.

“சேறு அம்மா போட்டதுதானே?” என்றாள் அவள்.

“சேறு அத்தை போட்டது. சத்தம் அத்தை போட்டது இல்ல. மோக் சார் இருபது வருஷமா கார் ஓட்டுறவர், தானே சட்டைக் கையை மடிச்சுக் கழுவிக் குடுத்தார். அவருக்கு இதுல என்ன லாபம்?”

யூன்-சில் ஜன்னல் வழியே கீழே நின்ற காரைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆசைப்பட்டதை வேண்டாம்னு சொல்றீங்களே, அதுவே எனக்குப் போதும். முதல் தடவையா காரைப் பத்தி நீங்க சொல்றதை யார்கிட்டயும் கேக்காம நம்புறேன்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக கி-தே இன்னும் பத்துக் கார்களை வேண்டாம் என்று சொல்லியிருப்பான்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்தே காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். கி-தே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஹானிடம் சாவியை நீட்டினான்.

“வேண்டாங்க. கியர்ல டொக்கு டொக்குன்னு சத்தம். வெள்ளத்துல வேற மூழ்கியிருக்கு. விவரம் தெரிஞ்சவர் ஒருத்தர் பார்த்துச் சொல்லிட்டாரு. இனிமே வேற யார் தலையிலயும் இதைக் கட்டிடாதீங்க.”

ஹான் சாவியை வாங்கி, அதன் மேல் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு பெயர்ச் சீட்டை ஒட்டினார்.

“பரவாயில்லை சார், இதை வித்தவரே மத்தியானம் போன் பண்ணித் திரும்ப வாங்கிக்கிட்டாரு. அவங்க ஆபீஸ்ல டைரக்டர் ரிட்டயர் ஆகி அடுத்த வாரத்துலருந்து இவரே டைரக்டராம், இனிமே ஒளிச்சு வெச்சு ஓட்ட வேண்டியதில்லையாம். உங்களைத் தெரியும்னாரு, மோக்னு பேரு, உள்ள வரைக்கும் நல்லா கழுவிக் குடுத்ததுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு.”