நகம் குறைந்த காலடிக்கு லோகோ செய்த கதை

ஒரு காட்டில், லோகோ என்ற சொல் இன்னும் வந்து சேராத காட்டில், ஓர் ஆறு இருந்தது. மழைக்காலத்தில் அது மேலே ஓடும். கோடை வந்தால் மணலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தோண்டினால்தான் தண்ணீர். அவ்வளவு ஆழம் தோண்டக்கூடிய கால் அந்தக் காட்டில் நாச்சக்காவுக்கு மட்டும்தான் இருந்தது.

நாச்சக்கா ஒரு பெண் யானை. வயதானவள், கொஞ்சம் முன்கோபி. யாராவது புகழ்ந்தால் மட்டும் காதை மெல்ல ஆட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்பாள். விடிந்ததும் ஆற்று மணலில் நடந்து போய், துதிக்கையால் மோந்து பார்த்து, ஓரிடத்தில் முன்காலால் பள்ளம் பறிப்பாள். முதலில் ஊறும் கலங்கலை உறிஞ்சித் துப்புவாள். தெளிந்ததும் தான் குடித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அப்புறம் மான், முயல், கீரி, முள்ளம்பன்றி எல்லாரும் வந்து குடிப்பார்கள். மதியத்துக்குள் மணல் சரிந்து பள்ளம் மூடிவிடும். மறுநாள் வேறு இடம்.

இன்றைக்கு எந்த இடம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. நாச்சக்காவின் இடது முன்காலில் ஒரு நகம் கிடையாது. சுற்றுலா வந்த புண்ணியவான் ஒருவர் உடைத்துப் போட்ட பாட்டில் அதை வாங்கிக்கொண்டது. நகம் குறைந்த அந்தக் காலடியைப் பிடித்துக்கொண்டே போனால் போதும், தண்ணீர் வந்துவிடும்.

அம்சா என்ற சருகுமான் அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான் குட்டி போட்டிருந்தாள். சருகுமான் என்றால் முயல் அளவு மான். அதன் குட்டி எவ்வளவு இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். தாய் தண்ணீர் குடிக்காவிட்டால் பால் வற்றிவிடும், பால் வற்றினால் குட்டி போய்விடும். அதனால் அம்சா கண் விழித்ததும் செய்யும் முதல் வேலை அந்தக் காலடியைத் தேடுவது.

இந்த நேரத்தில்தான் மயூர் வந்து சேர்ந்தான். போகும்போது வெறும் மயிலாகத்தான் போனான். நகரத்து மிருகக்காட்சிசாலையில், டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துக் கூண்டில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பும்போது மயூர் ஆகிவிட்டான். என்ன தொழில் என்று கேட்டால், "தொண்டு நிறுவனங்களுக்கான பிராண்டு டிசைனர்" என்பான். அவன் கையில், சரி, காலில், ஒரு டேப்லெட் இருந்தது. காட்டு விடுதியில் யாரோ மறந்துவிட்டுப் போனது.

வந்த அன்றே ஆற்றுக்குப் போனான். நாச்சக்கா தோண்டினாள். எல்லாரும் குடித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மயூருக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, எவ்வளவு பெரிய சேவை! ஆனா யாருக்குமே தெரியலையே. உங்க அமைப்போட பேர் என்ன?"

"அமைப்பெல்லாம் இல்ல சாமி. நான் தோண்டறேன், அவிங்க குடிக்கறாங்க."

"பேரே இல்லாமலா இத்தனை நாளா குடிச்சாங்க?"

அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கோடையில் அந்தக் காட்டில் வீணாய்ப் போன முதல் தண்ணீர் அதுதான்.

பெயரை அவனே வைத்தான்: 'ஈரம்.' தொண்டு நிறுவனத்துக்கு இப்போதெல்லாம் ஒற்றைச் சொல்லில்தான் பெயர் வைக்க வேண்டுமாம். அடியில் ஒரு வாசகம்: 'ஒவ்வொரு துளியிலும் ஒரு தொடக்கம்.'

"நல்லாத்தான் இருக்குது. தண்ணி எந்தப் பக்கம் இருக்குதுன்னு அதுல போடலையா?" என்று கேட்டாள் நாச்சக்கா.

"அது தகவல் அக்கா. டேக்லைன்ல தகவல் வரக்கூடாது."

அடுத்து லோகோ. மயூர் டேப்லெட்டைத் திறந்தான். உலகத்துத் தொண்டு நிறுவனங்களின் லோகோக்கள், இலவச எழுத்துருக்கள், இலவச டெம்ப்ளேட்டுகள், இலவச வண்ணத் தொகுப்புகள் என்று வந்துகொண்டே இருந்தன.

"எல்லாம் எங்களை மாதிரி டிசைனர்களோட இன்ஸ்பிரேஷனுக்காகவே வெச்சிருக்காங்க அக்கா. பார்த்துக்கிட்டே இருந்தா உள்ளே இருந்து தானா ஊறும்."

"எத்தனை அடியில ஊறும்?" என்று நாச்சக்கா அக்கறையாகக் கேட்டாள். ஊறுவதைப் பற்றி அவளுக்கு ஓரளவு தெரியும்.

எந்த லோகோவைப் பார்த்தாலும் இரண்டு கைகள் ஒரு செடியைத் தாங்கிக்கொண்டிருந்தன. இங்கே யாருக்குக் கை இருக்கிறது? சடையன் என்ற குரங்கு, "என்ற கையப் போட்டுக்கங்க" என்று தன் கையை நீட்டினான். அதில் செடியை வைத்தார்கள். தின்றுவிட்டான். கை வேண்டாம் என்று முடிவாயிற்று.

வண்ண ஆலோசகராகப் பச்சோந்தியை அழைத்தார்கள். அது உட்கார்ந்த இடத்துக்கு ஒரு கருத்து சொன்னது. கடைசியில் டேப்லெட்டின் மேல் போய் உட்கார்ந்து நீலம் என்றது. சடையன் அவுரி இலையை ஊறப்போட்டு நீலச் சாயம் எடுத்தான். ஊறப்போடத் தண்ணீர் வேண்டுமே? அன்றைய பள்ளத்தில் பாதி அதற்குப் போனது.

இப்படிச் சுற்றி வந்த மயூரின் பார்வை கடைசியில் மணலில் விழுந்தது. "ஆஹா!" என்று தோகையை விரித்தான். நாச்சக்காவின் காலடி அங்கே பதிந்திருந்தது. அதை டேப்லெட்டில் வரைந்தான். கோணல் வட்டத்தைச் சரியான வட்டமாக்கினான். நகம் குறைந்த இடத்தில் ஒரு நகத்தை வைத்து நிரப்பினான்.

"என்ற கால்தானா சாமி இது?" நாச்சக்காவின் காது ஆடத் தொடங்கிவிட்டது. "நகமெல்லாம் முழுசா இருக்குதே!"

"இரண்டு பக்கமும் சமமா இருக்கணும் அக்கா. இதுதான் நீங்க. அது வெறும் கால்."

நாச்சக்கா சரி என்றாள். பாட்டில் குத்திய அன்றிலிருந்து அந்தக் காலைப் பற்றி யாரும் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நமக்கும் யாராவது முழு நகத்தோடு ஒரு படம் வரைந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவோமா?

சடையன் முள்முருங்கைக் கட்டையில் அந்தக் காலடியை அச்சாகச் செதுக்கினான். காடு முழுக்க நீலத்தில் குத்தினான். பாறையில், மரத்தில், புற்றில், மணலில், தூங்கிக்கொண்டிருந்த காட்டெருமையின் முதுகில். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று மயூர் சொல்லியிருந்தான். தெரிந்தது. எல்லாத் திசையிலும் நாச்சக்கா நடந்து போயிருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல். உண்மையான காலடி இன்னும் பதிந்துகொண்டிருந்தது. மயூர் அதைப் பார்த்துப் பதறிப்போனான்.

"அக்கா, இது பிராண்டு விதிமுறைக்கு ஒத்து வராது. நகம் இல்லை, நிறம் இல்லை, ஓரம் எல்லாம் கலைஞ்சிருக்கு. பார்க்கிறவங்க இதைப் போலின்னு நினைச்சுக்குவாங்க."

"அப்ப நான் நடக்க வேண்டாமா?"

"நடங்க. நடந்துட்டு அழிச்சுடுங்க."

அவள் வாலில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டினார்கள். நடக்க நடக்க அது பின்னாலேயே கூட்டிக்கொண்டு போனது. விருதுக்கு விண்ணப்பித்திருந்தார்கள்: அகில வனத் தொண்டு பிராண்டு விருது. விருது வரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்று நாச்சக்கா நினைத்தாள்.

காலடியை அழிக்கத் தொடங்கிய முதல் நாள் காலையில் அம்சா எழுந்து காலடியைத் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, புதரை விட்டு வெளியே வந்ததும் நீலமாகப் பளிச்சென்று இருந்தது. நகம் முழுசாக இருக்கிறதே என்று ஒரு சின்னச் சந்தேகம். அக்காவுக்கு நகம் முளைத்திருக்கும், நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பின்னால் போனாள். காலடி ஒரு பாறையைச் சுற்றிவிட்டு, புற்றின் மேல் ஏறி, மரத்தின் உச்சிக்குப் போனது. இன்னொன்றைப் பிடித்தாள். அது காட்டெருமையின் முதுகில் ஏறி எங்கோ போய்விட்டது. மறுநாளும் அதே கதை. அம்சாவின் மடி சுருங்கிப்போனது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, முட்டுவதையும் விட்டுவிட்டது.

நீலக் காலடிகள் கடைசியில் அவளை மொட்டைப் பாறைக்குக் கொண்டுபோய் விட்டன. அங்கே விருது விழா நடந்துகொண்டிருந்தது. நடுவர்கள் பிணந்தின்னிக் கழுகுகள். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சாப்பாடு உண்டா என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாச்சக்கா மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றாள்.

அம்சா தள்ளாடிக்கொண்டு வந்தாள். குட்டி நாலடி பின்னால் மடங்கி விழுந்தது. நடுவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டினார்கள்.

"நிகழ்ச்சி முடிஞ்சுதா?" என்றது ஒரு கழுகு.

மயூர் டேப்லெட்டோடு ஓடி வந்தான். "பயனாளி! சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்கம்மா. அந்தக் குட்டியை அப்படியே விடுங்க, வெளிச்சம் நல்லா விழுது."

"தண்ணி..." என்றாள் அம்சா.

"அதேதான்! அதே முகம். இன்னொரு தடவை சொல்லுங்க."

நாச்சக்கா மேடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் அம்சா, காலையில மூங்கில் வளைவுல அத்தனை ஆழம் பறிச்சு வெச்சேனே. குடிக்க வரலையா?"

"எப்படீங்க அக்கா வர்றது? உங்க காலு எல்லாப் பக்கமும் போகுதுங்களே. எதுக்குப் பின்னால போக?"

நாச்சக்காவின் காது ஆடவில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு. அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு வெட்கத்தை அவள் அதுவரை சுமந்ததில்லை. வாலில் இருந்த வேப்பங்கொத்தைப் பிய்த்து எறிந்தாள். கழுகுகளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, குட்டியைத் துதிக்கையில் அள்ளிக்கொண்டு மூங்கில் வளைவுக்கு நடந்தாள். நகம் குறைந்த காலடி மணலில் அழுத்தமாகப் பதிந்தது. அம்சா அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். பள்ளத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாச்சக்கா துதிக்கை நுனியால் சொட்டுச் சொட்டாக விட, குட்டி நாக்கை நீட்டியது. பிழைத்துக்கொண்டது.

பழைய கதையாக இருந்தால் இங்கே மயூர் திருந்தியிருக்க வேண்டும். அவன் அந்தக் காட்சியைப் படமெடுத்து நடுவர்களிடம் காட்டினான். 'மனதைத் தொடும் பிராண்டு கதை' என்று ஈரத்துக்கே முதல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பிறகு, மயூர் பின்னாலேயே வந்து நீலம் குத்திவிடாமல் இருக்க, நாச்சக்கா மணலை விட்டுவிட்டுக் கல்லின் மேலேயே நடந்து, காலடி பதியாமல் போய்த் தோண்டினாள். மற்றவர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீலம் இல்லாத இடமாகப் பார்த்துப் போனால் அங்கே தண்ணீர் இருந்தது. மயூர் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, "ஐயோ, இங்கே லோகோவே இல்லையே!" என்று பதறிக் குத்திவிட்டுப் போவான். எல்லாரும் சத்தமில்லாமல் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த கோடையில் ஈரத்துக்கு இன்னும் பெரிய விருது வந்தது. பயனாளிகள் என்ற தொந்தரவே இல்லாமல் இயங்கும் தூய பிராண்டு என்று நடுவர்கள் மெச்சினார்கள்.

அந்தக் கோடை கொஞ்சம் கடுமையானது. விருது விழாவில் பேசிப் பேசி மயூருக்கே தொண்டை வறண்டுவிட்டது. வழியில் அம்சாவின் குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. அதன் வாய் ஈரமாக இருந்தது.

"தம்பி, இன்னிக்குத் தண்ணி எங்கேப்பா இருக்கு?"

குட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தது. மொட்டைப் பாறையில் கேட்ட அந்தக் குரல் அதற்கு மறக்கவில்லை.

"அந்த நீலக் காலடியப் பார்த்துப் போங்கண்ணா. காடு பூரா இருக்குதே!" என்று மரியாதையாகச் சொன்னது.

மயூர் மெய்சிலிர்த்துப்போனான். சின்னப் பிள்ளைக்குக்கூட லோகோ மனதில் பதிந்துவிட்டதே! டேப்லெட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டான். பிறகு தோகையை நன்றாக விரித்துக்கொண்டு, நீலக் காலடியைப் பிடித்து, பாறையைச் சுற்றி, புற்றைத் தாண்டி, உச்சி வெயிலில் நடந்தான். கொஞ்ச தூரம் விட்டு நடுவர்களும் பின்னாலேயே போனார்கள்.

நீதி: நல்ல பிராண்டால் யாருக்கும் பயனில்லை என்று வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள். கழுகுகளைக் கேட்டுப் பாருங்கள்.