மூன்று ஏழுமலைகளும் ஒரு கப்ளிங்கும்

என் அப்பாவை அவருடைய தாத்தாவாகவே ஆக்கிக் காட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். விழுப்புரத்தில் எங்கள் தெருவில், எதிர்வரிசையில் மூன்றாவது வீடு. பெயர் கப்ளிங்.

சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தபால்காரரே "கப்ளிங் சார், ரிஜிஸ்டர் தபால்" என்றுதான் குரல் கொடுப்பார். ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவே இறங்கி நின்று, இதன் கொக்கியை அதில் மாட்டிவிடுகிற வேலை. அதைத்தான் கப்ளிங் என்பார்கள். வாழ்நாள் முழுக்க அதையே செய்தவருக்கு, தனியாக நிற்கிற எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் தள்ளித் தள்ளி நடந்து போனால்கூட, "சேந்து போனா இன்னாங்க?" என்று கேட்டுவிடுவார். அவர்மட்டும் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. கூடப்பிறந்தவர்களும் கிடையாது.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவர் கையில் ஸ்மார்ட்போன் வந்தது. வந்த வேகத்தில், ஆளாளுக்குத் தங்கள் வம்சாவளியை ஏற்றி வைக்கிற இணையதளம் ஒன்றையும் கண்டுபிடித்துவிட்டார். அதில் ஒருவர் தன் தாத்தாவைப் பதிவு செய்வார். அவருடைய சித்தப்பா மகனும் அதே தாத்தாவைத் தனியாகப் பதிவு செய்திருப்பார். அப்போது தளம் பணிவாகக் கேட்கும்: இந்த இருவரும் ஒருவர்தானா? ஆமாம் என்று அழுத்தினால் இரண்டு பதிவும் ஒன்றாகிவிடும். இதற்கு மெர்ஜ் என்று பெயர். அந்தப் பொத்தானைக் கண்ட நாள், கப்ளிங்குக்கு மறுபடி வேலை கிடைத்த நாள்.

எங்கள் பக்கத்து ஜனங்களிடம் அந்தப் பொத்தானைக் கொடுத்ததுதான் வினை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம். ஏழுமலை மகன் முனுசாமி, முனுசாமி மகன் ஏழுமலை என்று இரண்டே பெயரை வைத்துக்கொண்டு நூறு வருடத்தை ஓட்டிவிடுவோம். கப்ளிங் பார்த்தார். என் தாத்தா முனுசாமிக்கு மேலே ஒரு ஏழுமலை, கீழே ஒரு ஏழுமலை. டூப்ளிகேட் என்று அழுத்திவிட்டார்.

கீழே இருந்த ஏழுமலை என் அப்பா. மறுநாள் காலை போனைத் திறந்தால், முனுசாமிக்கு அப்பாவும் அவர்தான், மகனும் அவர்தான். நான் என் தாத்தாவுக்குத் தம்பியாகியிருந்தேன். அம்மா காப்பித் தம்ளரை நீட்டி, "தாத்தா, எடுத்துக்குங்க" என்றார். அப்பா காப்பியைக் குடிக்காமல் எதிர்வரிசைக்கு நடந்தார்.

"யோவ், என்னைய எங்கப்பாவுக்கே அப்பாவா ஆக்கி வச்சிருக்கறியே, இன்னா வேல இது?"

"பேரு ஒண்ணு. ஊரு ஒண்ணு. வூட்டு நம்பரும் ஒண்ணு. அப்புறம் எதுக்குங்க ரெண்டு ஆளு, எடத்த அடைச்சிக்கினு?"

"அவரு செத்து அறுவது வருசம் ஆவுதுய்யா."

"நீங்க உசுரோட கீறீங்கல்ல. அத்த நெனச்சி சந்தோசப்படுங்க."

அப்பா பக்கத்திலேயே நின்று அந்த இரண்டு பேரையும் பிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்பினார். கப்ளிங் பிரித்துக் கொடுத்தாரே ஒழிய, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "முப்பது வருசம் வண்டி மாட்டியிருக்கேன். நான் மாட்ன கொக்கி ஒண்ணுகூட கழண்டுக்கினு போனதில்ல" என்பதுதான் எல்லாவற்றுக்கும் அவர் பதில்.

அதோடு விட்டாரா? பழைய ஏழுமலை, அதாவது என் தாத்தாவின் அப்பா, பனமலைப் பக்கத்திலிருந்து விழுப்புரம் வந்து குடியேறியவர். மனைவி பெயர் பச்சையம்மாள். கப்ளிங்கின் சொந்தத் தாத்தா பெயரும் ஏழுமலை. அவர் மனைவியும் பச்சையம்மாள். எங்கள் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஏழுமலை மேல்தான் விழ வேண்டும், எழுந்தால் பச்சையம்மாள் கைகொடுப்பாள். இதையெல்லாம் அவர் காதில் யார் போடுவது? இரண்டு ஏழுமலைகளையும் மாட்டினார். அடுத்த நிமிடம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, நீயும் நானும் ஒரே தாத்தாவுக்குப் பொறந்த பேரனுங்க. இத்தினி வருசமா தெரியாம எதிர் வூட்ல குந்திக்கினு இருந்திருக்கேன் பாரு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்தார். அன்றிலிருந்து கப்ளிங் எனக்குப் பெரியப்பா. பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா வைக்கிற சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்கிற உரிமையை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொண்டார்.

பிறகு பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனம் போக ஆரம்பித்தார். அங்கே கடைகடையாக நின்று தாத்தா பெயர் கேட்டு, மூன்றாவதாக ஒரு ஏழுமலையைப் பிடித்தார். பச்சையம்மாளோடு சேர்த்துத்தான். அவரையும் மாட்டினார். இப்போது ஏழுமலை ஒருவரே பனைமரத்திலிருந்து விழுந்து ஒருமுறையும், பாம்பு கடித்து ஒருமுறையும், காய்ச்சலில் ஒருமுறையும் இறந்திருந்தார்.

"எப்பிடி பெரியப்பா ஒரே ஆளு மூணு தபா சாவாரு?" என்று கேட்டேன்.

"மொத ரெண்டு தபா பொழச்சிக்கினு இருப்பாரு" என்றார்.

இங்கேதான் என் கல்யாணம் வருகிறது. திண்டிவனத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கவிதா. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருந்தது என்பது அந்த ஒரு மாதமும் தீர்ந்துகொண்டே இருந்த போன் சார்ஜில் தெரிந்தது. நிச்சயம் ஆகும்வரை தெருவில் மூச்சு விடக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். பெரியப்பாவுக்குக்கூட சொல்லவில்லை.

கவிதா வீட்டில் அவளுடைய அத்தை சம்பூர்ணம் வைத்ததுதான் சட்டம். அவர் ஒருநாள் பொழுது போகாமல் அந்தத் தளத்தைத் திறந்து, தங்கள் வீட்டு ஏழுமலையைத் தேடியிருக்கிறார். கிளை பிடித்து இறங்கினால் ஒரு பக்கம் கவிதா, இன்னொரு பக்கம் நான். உடனே, பதிவு போட்டவர் என்று அங்கே இருந்த நம்பரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, விழுப்புரத்து ஏழுமலை பையனும் எங்க கவிதாவும் இன்னா மொறைங்க?"

"அண்ணன் தங்கச்சிம்மா. நூத்துக்கு நூறு. நானே மாட்னது."

"நல்லாத் தெரியுமா?"

"வேணும்னா எழுதியே தர்றேன்."

எழுதியும் தந்தார். வாட்ஸப்பில், கீழே கும்பிடுகிற கைப்படத்தோடு.

அன்று சாயங்காலம் கவிதா கூப்பிட்டாள். "இனிமே உங்கள அண்ணான்னு கூப்புடணுமாம். அத்தை சொல்லுது."

என் வாழ்க்கையில் அப்படி ஒரு போன் வந்ததில்லை. அப்பா திண்டிவனத்துக்குப் பேசிப் பார்த்தார். "போன்லயே போட்டுக்கீது, உங்க அண்ணனே எழுதிக் குடுத்துக்கீறாரு. பங்காளி வூட்ல பொண்ணு குடுப்பாங்களா?" என்று சொல்லி சம்பூர்ணம் அத்தை போனை வைத்துவிட்டார். நான் நேரே எதிர்வரிசைக்குப் போய், நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கப்ளிங் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். "கெளம்புங்க ஜல்தி, பாசஞ்சர் போயிடும்."

திண்டிவனத்தில் கவிதா வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே அத்தையிடம் கேட்டார். "ஏம்மா, உங்க ஏழுமலைக்கு படையல்ல இன்னா வெப்பீங்க?"

பொங்கல் சமயத்தில், செத்துப்போன பெரியவர்களுக்கு அவர்கள் ஆசையாகச் சாப்பிட்டதை வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை பெருமையாகச் சொன்னார். "வடை, பாயசம். அவரு கவுச்சியே தொடமாட்டாரு. முட்ட ஒடச்ச கையால தண்ணி குடுத்தாக்கூட வாங்கமாட்டாராம்."

"தம்பி, உங்க வூட்ல?" என்று அப்பா பக்கம் திரும்பினார்.

அப்பா நெளிந்தார். சம்பந்தி வீட்டில் சொல்லக்கூடிய பட்டியலா அது? "கருவாட்டுக் கொழம்பு," என்றார். "ஒரு சுருட்டு." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்து, "ஒரு குவாட்டரு" என்றார்.

"கேட்டுக்கினீங்களாம்மா?" என்றார் கப்ளிங். "ஒரே ஆளா இருந்தா, இங்க பாயசம் குடிச்சிட்டு அங்க வந்து குவாட்டர் கேப்பாரா? வேற வேற ஆளு. நான்தான் பேர மட்டும் பாத்து மாட்டிட்டேன். தப்பு என்னுது."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டேன். அத்தை அசரவில்லை. "போன்ல கழட்டுங்க. கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்றார்.

கழற்றினார். திண்டிவனத்து ஏழுமலை தனியாகப் போனார். கவிதாவும் நானும் யாரோ எவரோ ஆனோம். அவளுடைய முகம் கதவோரம் மலர்ந்ததை நான் பார்த்துவிட்டேன். ஆனால் கப்ளிங் போனை உள்ளே வைக்கவில்லை. விரல் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தது. எதை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பெரியப்பா, அது இருக்கட்டும். அத்த யாரும் கேக்கல," என்றேன் மெதுவாக.

"எங்க வூட்டு ஏழுமலைக்கு கேப்பைக் கூழும் சுட்ட கத்திரிக்காயும்ப்பா. அவரும் வேற ஆளுதான்," என்றார். "ஒரு கொக்கி தப்புன்னா எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும். இல்லன்னா வண்டிய எடுக்கக் கூடாது."

அழுத்திவிட்டார். திரையில் அவர் தாத்தா, அவர் அப்பா, அவர் என்று ஒற்றைக் கோடாக நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

திரும்பும்போது வண்டியில் எங்கள் எதிரே உட்காராமல் கதவோரம் போய் நின்றுகொண்டார். விழுப்புரத்தில் இறங்கியதும் அப்பாவிடம், "அப்ப நான் வர்றேங்க, ஏழுமலை சார்" என்றார். தம்பி போய் சார் வந்திருந்தது. எனக்குக் கல்யாணம் கூடிவந்த சந்தோஷமெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயிற்று. அப்பா கோபமாக, "வூட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போய்யா" என்றார். அவர் வரவில்லை.

கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவரை அம்மாதான் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்தார். போட்டோவில் அவர் மட்டும் கால் அடி தள்ளி நிற்கிறார்.

அந்த வாரமே, கவிதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் அந்தத் தளத்தைத் திறந்தேன். அவரை எங்கள் குடும்பத்தில் புதிதாகச் சேர்த்து, உறவு என்ற இடத்தில் பெரியப்பா என்று தட்டினேன். தளம் விடவில்லை. பொதுத் தாத்தா இல்லாத உறவுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டது. பிறப்புச் சான்றிதழ், நிலப்பத்திரம், குடும்ப அட்டை என்று ஒரு பட்டியலும் நீட்டியது. எதுவும் என்னிடம் இல்லை. ஆதாரம் என்ற கட்டத்தில், எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, மாட்டிவைத்தவர் இவர்தான் என்று எழுதினேன்.