தீபாவளி தெரிந்த கீரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று முறை பேனையை எடுத்தேன். ஒருமுறை மை தீர்ந்தது. ஒருமுறை தைரியம் தீர்ந்தது. மூன்றாவது முறை என் மனைவி சரோஜா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கோழிக் கதையா? அதுல நான் வர்றனா?" என்று கேட்டாள். மூடி வைத்துவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம், நான் எழுதாவிட்டாலும் கதை தன்பாட்டில் ஊர் சுற்றுகிறது. பசறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் கதையை எனக்கே சொன்னார். அதில் நான் நூறு கோழியைத் தின்றவன். முருகா! பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவன் நான் (சாப்பிடத் தொட்டதில்லை என்று சொல்கிறேன். கையால் எத்தனை தொட்டேன் என்பதுதான் கதையே). போதாக்குறைக்கு, கம்பஸில் படிக்கும் என் மகளுக்கு, கணக்கெடுப்பு பற்றிப் பாடம் நடத்திய ஒரு சேர் இதே கதையைச் சொல்லியிருக்கிறார். அதில் கீரி சிறுத்தையாகிவிட்டது. மகள் எழுந்து, "சேர், அது கீரி. அவர் எங்கப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம். அதற்குப் பிறகும் நான் சும்மா இருந்தால் நன்றாயிராது.

நான் படித்தது ஓ.எல். பரீட்சை வரைக்கும். கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. நானும் அதை வற்புறுத்தவில்லை. ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் என் கைதான். ஒருநாள் ஒரு தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த நிர்மலா மிஸ் கோவில் சுவரில் அதைப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதினது?" என்று கேட்டார். பெருமையோடு கையைத் தூக்கினேன். அன்றைக்கு அந்தக் கையில் சுளுக்கு விழுந்திருக்கலாம்.

எங்கள் தோட்டத்தில் ஓடைக்கு மேலே ஒரு டிவிஷன், கீழே ஒரு டிவிஷன். மிஸ்ஸின் நிறுவனம் மேல் டிவிஷனில் வீட்டுக்கு ஐந்து கோழியும் மூன்று வீட்டுக்கு ஒரு சேவலும் கொடுப்பார்கள். கீழ் டிவிஷனுக்கு எதுவும் கிடையாது. ஒன்றரை வருஷம் கழித்து, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எவ்வளவு முட்டை சாப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வாராவாரம் வீடு வீடாகப் போய் எத்தனை கோழி இருக்கிறது, செத்தால் எதனால் செத்தது, பிள்ளைகள் எத்தனை முட்டை சாப்பிட்டார்கள் என்று எழுதுவது என் வேலை.

"கதிரேசன் அண்ணன், கீழ உள்ளவங்களுக்கு இப்ப குடுக்காம இருக்கிறது கஞ்சத்தனம் இல்ல" என்று மிஸ் விளக்கினார். "ரெண்டு பக்கமும் பார்த்தாத்தான் கோழியால பிள்ளைகளுக்கு நன்மையா இல்லையான்னு தெரியும். நன்மைன்னு தெரிஞ்சா கீழ் டிவிஷனுக்கும் குடுப்போம். கொஸ்லந்தப் பக்கம் நாலு தோட்டத்துக்கும் குடுப்போம். எல்லாம் உங்க ரெஜிஸ்டர்லதான் இருக்கு."

நான் தலையாட்டினேன். ஆட்டியது நான். விளங்கிக்கொண்டது யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாவது மாதம் மேல் டிவிஷன் ராமையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஐந்து கோழியில் நாலுதான் நின்றது. அடுப்பில் சட்டி கொதித்தது. மிளகு வாசம் படிவரைக்கும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

"என்னண்ணே, ஒன்னக் காணோம்?"

"கீரி புடிச்சிருச்சு தம்பி" என்றார், சட்டிப் பக்கம் திரும்பாமல்.

"கீரியா?"

"பெரிய கீரி."

உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லம்மா அக்கா, "ஏங்க, வந்து உப்புப் பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டு, என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதல் வருஷத்தில் கோழியை அடித்துச் சாப்பிட்ட வீட்டுக்கு, நிறுவனம் கொடுக்கும் கோழித் தீனி மூட்டை நிறுத்தப்படும் என்பது சட்டம். ஆனால் மொனராகலையிலிருந்து ராமையா அண்ணனின் மச்சான் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனுசனுக்கு ரொட்டியும் சம்பலும் வைத்து அனுப்ப முடியுமா? அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முத்தான கையெழுத்தில் எழுதினேன்: கீரி.

செய்தி லய வீடுகளிலெல்லாம் பரவியது. கதிரேசனிடம் கீரி என்றால் எழுதிக்கொள்கிறான். (பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டுமா?) அந்த வருஷம் நான் கன்னத்தில் போட்டுக்கொண்ட கணக்குக்கு, கன்னம் இருப்பதே பெரிய விஷயம்.

கீழ் டிவிஷனில் நிலைமை வேறு. மாரியாயி அக்கா கொழுந்து எடுக்கிறவர். மூத்த மகளைக் கொஸ்லந்தையில் கட்டிக் கொடுத்துவிட்டு, மற்ற மூன்று பிள்ளைகளோடு இருந்தார். வாராவாரம் போய், "இந்த வாரம் பிள்ளைங்க எத்தனை முட்டை சாப்பிட்டாங்க?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். சைபர் போடுவேன். ஆறாவது வாரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"தம்பி, கோழி குடுத்தீங்களா?"

"இல்லக்கா."

"முட்டையாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லக்கா."

"அப்பறம் எதுக்கு வாரம் வாரம் வந்து தின்னாங்களா தின்னாங்களான்னு கேக்குறீங்க? கோவில்ல பொங்கல் குடுக்கையில மேல் டிவிஷனுக்கு மட்டும் குடுத்துட்டு, கீழ உள்ளவங்க ஏங்குறாங்களான்னு எழுதிக்கிட்டா நிப்பீங்க?"

திருவிழாவில் பொங்கல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டுகிறவனே நான்தான். அன்று வீட்டுக்கு வந்து சாமிப் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. (சொன்னதாக நானே வைத்துக்கொண்டேன்.)

அடுத்த வாரம் செல்லம்மா அக்காவிடம், "கீழ உள்ள பிள்ளைகளுக்கு ரெண்டு முட்டை தர முடியுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன தம்பி? கீரி விஷயத்துல நீ பார்த்துக்கிட்டதுக்கு நாலாவே கொண்டு போ."

கீரி வந்துபோன வீடுகள் எல்லாம் கேட்காமலே தந்தன. என் பையில் ஒரு பக்கம் ரெஜிஸ்டர், ஒரு பக்கம் பழைய துணியில் சுற்றிய முட்டை. ஒருநாள் ஓடைக் கல்லில் வழுக்கி விழுந்தேன். எழுந்து பார்த்தால் முட்டை உடைந்து, ரெஜிஸ்டர் படிவங்களில் மேல் டிவிஷன் முழுவதும் கீழ் டிவிஷனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படிவங்களை வீட்டு வாசலில் காயவைத்தேன். நாலு பூனை காவலுக்கு வந்து உட்கார்ந்தது.

"ஏங்க, நீங்க கணக்கெடுக்கப் போறீங்களா, முட்டை ரொட்டி போடப் போறீங்களா?" என்று கேட்ட சரோஜா, பீலித் தண்ணீரில் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று என்னை விரட்டிவிட்டாள். விளக்கு ஏற்றுகிற நேரம் அது.

இனி என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். கீழ் டிவிஷன் பிள்ளைகள் முட்டை சாப்பிட்டதை ஒளிக்காமல் அப்படியே எழுதினேன். அது உண்மைதானே? எங்கிருந்து வந்தது என்று படிவத்தில் கேள்வி இல்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

மாரியாயி அக்கா என்னை விடக் கெட்டிக்காரி. வந்த முட்டையெல்லாம் அவித்துவிடவில்லை. அவரிடம் ஒரு கிழட்டுப் பெட்டைக்கோழி இருந்தது. அதை அடைக்கு வைத்து, குஞ்சு பொரித்ததும் பக்கத்துக் காம்பரா வீட்டுக்கு ரெண்டு, அடுத்த காம்பராவுக்கு ரெண்டு என்று கொடுத்தார். "கொஸ்லந்தையில என் மூத்தவளுக்கும் இந்தக் கோழி வரும்தானே தம்பி? அவ பிள்ளை நூலாட்டம் இருக்குது" என்று கேட்பார். "கட்டாயம் வரும்க்கா" என்று அம்மன் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தேன்.

ஒன்றரை வருஷம் முடிந்தது. கொழும்பிலிருந்து இரண்டு பேரோடு நிர்மலா மிஸ் வந்தார். முதலில் மேல் டிவிஷன். ஒரு கூட்டில் விறகு அடுக்கியிருந்தது. ஒன்றில் குடையும் சப்பாத்தும். ராமையா அண்ணன் கூட்டுக்குள் ஒரு பூசணிக்காய் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பிறகு ஓடையைத் தாண்டினோம். கீழ் டிவிஷனில் காலை வைக்க இடமில்லை. கோழி வாங்கில், கோழி வேலியில், கோழி கூரையில். ஒரு சேவல் வந்து கொழும்புக்காரரின் சப்பாத்து நாடாவைக் கொத்தியது.

"இது கோழி குடுத்த டிவிஷனா, குடுக்காத டிவிஷனா?" என்று அவர் மூன்று தரம் கேட்டார்.

பெரிய இடம் கோவில் மண்டபம் மட்டும்தான் என்பதால் கூட்டம் அங்கே. இரண்டு டிவிஷனும் வந்திருந்தது. பின்னால் அம்மன். மிஸ் ரெஜிஸ்டரை விரித்தார்.

"கதிரேசன் அண்ணன், இந்தக் கீரி எப்பிடி இருக்கும்?"

"கீரி மாதிரிதான் மிஸ்."

"தீபாவளிக்கு மட்டும் பதினோரு வீட்டுல புடிச்சிருக்கு. அதுக்குத் தீபாவளி தெரியுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அமாவாசை முடிஞ்சு கந்தசஷ்டி தொடங்கினதும் ஆறு நாளைக்கு ஒன்னுகூடப் புடிக்கல. விரதமோ?"

மண்டபமே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "நானும் ஹட்டன் பக்கம் லயத்துல பொறந்தவதான். எங்க வீட்டுலயும் ஒரு கீரி இருந்துச்சு. எங்கப்பா."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குரல் மாறியது. "இப்ப இதைக் கேளுங்க. இந்த ரெஜிஸ்டர் இப்பிடியே போனா, கோழி குடுத்தாலும் குடுக்காட்டியும் ஒன்னுதான்னு முடிவு எழுதுவாங்க. கொஸ்லந்தப் பக்கம் நாலு தோட்டத்துக்கும் கோழி போகாது. கீழ் டிவிஷனுக்கு இவ்வளவு கோழி எப்பிடி வந்துச்சு? யாராவது சொல்லுங்க."

மேல் டிவிஷன் என்னைப் பார்த்தது. கீழ் டிவிஷன் என்னைப் பார்த்தது. மாரியாயி அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மகளை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்:

"கீரி இல்ல மிஸ். நான்தான்."

அவ்வளவையும் நானே தின்றதாக மண்டபம் விளங்கிக்கொண்டது (பசறை பஸ் கதை பிறந்த இடம் இதுதான்). பெண்கள் பக்கத்திலிருந்து சரோஜா எழுந்தாள்.

"ஐயையோ! இந்த மனுசன் வாழைக்காயை வறுத்தாலே வயிறு சரியில்லன்னு படுக்கிறவரு. இவரு கோழி தின்னாரா?"

பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிய பொய், தூக்கிய முட்டை, ஒட்டிப்போன படிவம், எல்லாம். தீனி மூட்டை நின்றுபோகும்படி நான் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ராமையா அண்ணன் முறைத்தார். அப்போது செல்லம்மா அக்கா எழுந்து அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தம்பி மேல பழி வேணாம். கறி வச்சது நானு. உப்புப் பார்த்தது இவரு."

அதற்குப் பிறகு நேர்த்திக்கடன் செலுத்துகிற மாதிரி வரிசையாக எழுந்தார்கள். ஒரு வீடு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கு. ஒரு வீடு பிள்ளை பாஸ் பண்ணியதற்கு. ஒரு கிழவர் மட்டும், "என் வீட்டுல நெசமாவே கீரிதாங்க" என்று கடைசிவரை சாதித்தார். யாரும் நம்பவில்லை. பாவம்.

மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க குடுத்தது தப்பில்ல அண்ணன். குடுத்ததை எழுதாம விட்டதுதான் தப்பு. எழுதியிருந்தா, ஒரு டிவிஷன் கோழி எப்பிடி ரெண்டு டிவிஷனுக்குப் போச்சுன்னு நாங்களும் படிச்சிருப்போம்."

"படிவத்துல அதுக்கு இடமே இல்லையே மிஸ்."

மிஸ் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது எங்க தப்பு" என்றார்.

நாலு நாள் அவரோடு திரும்பவும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இந்த முறை 'கறி' என்று ஒரு கட்டம், 'ஓடைக்குக் கீழே போனது' என்று ஒரு கட்டம். கீரிக்கு ஒரே ஒரு கோடு, கிழவருக்காக. அந்தத் தாள்கள் உண்மையோடு போயின. எட்டு மாதம் சத்தமில்லை. பிறகு நாலு தோட்டத்தில் இரண்டுக்குக் கோழி போனது. அதில் ஒன்று மாரியாயி அக்கா மகள் இருக்கும் தோட்டம். முருகன் செயல் என்று நான் சொல்வேன். மிஸ் கேட்டால் ஆதாரம் கேட்பார்.

அங்கே எனக்கும் வேலை கிடைத்தது. "கூடு செய்ங்க அண்ணன். பேனையை மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க" என்றார் மிஸ். முத்தான கையெழுத்துக்காரன் ஆணி அடித்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் டின்னில் முறுக்கு குறைந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. "கீரி" என்பாள் சரோஜா. "விரதம் முடிஞ்சிருச்சு போல" என்பாள் மகள். இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் கும்பிட்டுக் கேட்கிறேன், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ருசி போதவில்லை என்று ஒரு கோழியைக் கூட்ட வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு ஒரு முட்டையைக் குறைக்கவும் வேண்டாம். இரக்கப்பட்டு எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டீர்கள். சிறுத்தை வேண்டவே வேண்டாம். கீரி கீரியாகவே இருக்கட்டும். அதுவும் அந்தக் கிழவர் வீட்டில் ஒன்று தவிர, வேறு எதையும் பிடிக்கவில்லை.